துருவ ஒளித் துணைப்புயல்: காந்தமானியிலும் ரேடியோவிலும் அடையாளம் காண்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியின் காந்தமண்டலத்தில் சேர்ந்த ஆற்றல் திடீரென்று விடுபட்டு, துருவ ஒளி பளிச்சிட்டு விரியும் நிகழ்வுதான் துணைப்புயல். இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நார்வேயின் டிரோம்சோ, ஸ்வீடனின் கிருனா, பின்லாந்தின் சோடன்கிலா பக்கத்தைச் சேர்ந்தவை. துருவ ஒளி வளையம், அதாவது துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றும் பட்டை, தலைக்கு மேலேயே போகும் பகுதி அது. காந்தமானிகளும் ரேடார்களும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. நேரங்கள் உலக நேரத்தில் (யூடி). காந்த அளவுகள் நானோடெஸ்லாவில்.

துணைப்புயல் என்பது சின்னக் காந்தப்புயலா?

இல்லை. காந்தப்புயல் நாள்கணக்கில் நீடிக்கும். பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டம் வலுப்பதால், வெப்பமண்டல ஊர்களில்கூட காந்தப்புலம் இறங்கிக் கிடக்கும். துணைப்புயல் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் ஆட்டமெல்லாம் இரவுப் பக்கத்துத் துருவ ஒளி வளையத்தில்தான். காந்தப்புயலே இல்லாத நாளிலும் துணைப்புயல் வரும். சூரியக்காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பி அப்படியே நின்றுவிட்டால், ஒரே இரவில் இரண்டு மூன்று வருவதும் சாதாரணம்.

தரையில் பல இடங்களில் வைத்த கேமராக்களின் படங்களைக் கோத்து, இதன் வரிசையை 1964-இல் எழுதிக் காட்டியவர் ஷுன்-இச்சி அகாசோஃபு. அமைதியாகக் கிடக்கும் ஒளிவில் (வானத்தில் வளைந்து நீளும் ஒளிப்பட்டை) திடீரென்று பளிச்சிடும், வடக்கு நோக்கி விரியும், பிறகு திட்டுத்திட்டாகத் துடித்து அடங்கும். அந்தப் பளிச்சிடலுக்கு (இனி 'வெடிப்பு') முன்பே, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் காந்தமண்டலத்தின் வாலில் ஆற்றல் சேர்கிறது என்பதைக் காட்டி, 'வளர்ச்சிக் கட்டம்' என்ற ஒன்றை 1970-இல் மெக்ஃபெரான் சேர்த்தார். வளர்ச்சி அரை மணி முதல் ஒரு மணி நேரம், விரிவு 20–30 நிமிடம், மீட்சி ஒன்றிரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இந்த எண்களைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வளர்ச்சிக் கட்டம் தெளிவாகத் தெரியாத துணைப்புயல்கள் நிறைய உண்டு.

காந்தமானிப் பதிவில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வடக்கு-தெற்குக் கூறை. நிலையத்தைப் பொறுத்து அதை 'எக்ஸ்' என்றோ 'ஹெச்' என்றோ குறித்திருப்பார்கள். துணைப்புயல் வெடிக்கும்போது சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், நள்ளிரவை ஒட்டிய பகுதியில், மேற்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. இதுதான் மேற்குநோக்கிய மின்தாரை. அதற்கு நேர் கீழே புலத்தில் ஏற்படும் மாற்றம் தெற்கு நோக்கி இருக்கும். ஆகவே ஹெச் கூறில் கூர்மையான இறக்கமும், பிறகு மெதுவான ஏற்றமும் சேர்ந்து ஒரு பள்ளம் தெரியும். சுமாரான துணைப்புயலில் பள்ளத்தின் ஆழம் 200 முதல் 500 நானோடெஸ்லா. பெரியவற்றில் 1000-ஐத் தாண்டும்.

இறக்கத்தின் வேகம்தான் அடையாளம். வளர்ச்சிக் கட்டத்தில் ஹெச் சில பத்து நானோடெஸ்லா அளவுக்கு நிதானமாகச் சரியும். வெடிப்பில் அதே கோடு ஐந்து பத்து நிமிடத்தில் சில நூறு இறங்கும். சரிவு எங்கே முறிகிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மின்னோட்டம் என்று கையாலேயே மதிப்பிடலாம். மின்தாரையை ஒரு நேர்க்கம்பி என்று வைத்துக்கொண்டால், ஆம்பியரில் மின்னோட்டம் = 5 × மீட்டரில் உயரம் × மைக்ரோடெஸ்லாவில் மாற்றம். 500 நானோடெஸ்லா என்பது 0.5 மைக்ரோடெஸ்லா, 5 × 1,10,000 × 0.5 போட்டால் 2,75,000 ஆம்பியர். உண்மையான தாரை கம்பி அல்ல, பல நூறு கிலோமீட்டர் அகலம். நிலத்துக்குள் தூண்டப்படும் மின்னோட்டமும் அளவோடு சேர்ந்துவிடும். எனவே இந்த எண்ணை 'லட்சங்களில் இருக்கிறது' என்ற அளவுக்கு மட்டும் நம்பலாம்.

செங்குத்துக் கூறு எதற்கு? அதை யாரும் கவனிப்பதில்லையே?

கவனிக்காதது தவறு. தாரை உங்களுக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பதை ஹெச் சொல்லாது, செங்குத்துக் கூறான இசட் சொல்லும். வட அரைக்கோளத்தில் இசட் கீழ்நோக்கி நேர்க்குறி. மேற்குநோக்கிய தாரைக்குத் தெற்கே இருக்கும் நிலையத்தில் இசட் குறையும். வடக்கே இருக்கும் நிலையத்தில் கூடும். நடுவின் நேர் கீழே மாற்றம் ஏறத்தாழப் பூஜ்யம். டிரோம்சோவில் முதலில் இசட் ஏறி, பத்து நிமிடத்தில் பூஜ்யத்தைக் கடந்து எதிர்க்குறிக்குப் போனால், தாரை உங்கள் தலைக்கு மேலே தெற்கிலிருந்து வடக்கே கடந்துவிட்டது என்று பொருள். வானத்தில் ஒளி வடக்கே பாய்ந்ததும் அதே நேரத்தில்தான் நடந்திருக்கும். மேகம் மூடிய இரவில் இது பெரிய உதவி.

மாலையில் ஹெச் ஏறுகிறது, நள்ளிரவில் இறங்குகிறது. கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை. மாலைப் பக்கத்தில் கிழக்குநோக்கிய மின்தாரை ஓடுகிறது. அதன் கீழே ஹெச் கூடும். நள்ளிரவுக்குப் பின் மேற்குநோக்கிய தாரை. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு ஹராங் எல்லை என்று பெயர். வடக்கு ஸ்காண்டிநேவியாவில் காந்த நள்ளிரவு சுமார் 21:30 யூடி. நார்வேயின் குளிர்கால நேரப்படி இரவு பத்தரை. 17 அல்லது 18 யூடி-யில் வரும் 100 நானோடெஸ்லா ஏற்றத்தைத் துணைப்புயலின் வெடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். வெடிப்பு உங்களுக்குக் கிழக்கே வேறு எங்கோ நடந்திருக்கலாம். எதுவுமே நடக்காமல் தாரை மட்டும் வலுத்திருக்கலாம்.

ஒஸ்லோ, ஜெர்மனி போன்ற தெற்கு இடங்களில் எப்படித் தெரியும்?

தலைகீழாக! அங்கே ஹெச் ஏறும். காரணம், துணைப்புயல் ஆப்பு மின்சுற்று. 1973-இல் மெக்ஃபெரான், ரசல், ஆப்ரி மூவரும் விளக்கியது இது. காந்தமண்டல வாலின் குறுக்கே ஓடும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி அறுபட்டு, கிழக்கு ஓரத்தில் காந்தக் கோடுகள் வழியாக, வளிமண்டலத்தின் மின்னேற்ற மேலடுக்கான அயனமண்டலத்துக்கு இறங்குகிறது; அங்கே மேற்கு நோக்கி ஓடுகிறது; மேற்கு ஓரத்தில் மீண்டும் மேலேறுகிறது. இந்த முழுச் சுற்றும் நடு அகலாங்குகளில் வடக்கு நோக்கிய புலத்தைச் சேர்க்கிறது. அளவு பெரும்பாலும் சில பத்து நானோடெஸ்லாதான்.

கிழக்கு-மேற்குக் கூறான டி இன்னும் பயனுள்ளது. வட அரைக்கோளத்தில், ஆப்பின் மேற்குப் பாதிக்குத் தெற்கே இருந்தால் டி கிழக்குப் பக்கம் விலகும். கிழக்குப் பாதிக்குத் தெற்கே இருந்தால் மேற்குப் பக்கம் விலகும். ஒரே அகலாங்கில் நான்கைந்து நிலையங்களின் டி வரைபடங்களை அடுக்கி வைத்து, குறி மாறும் இடத்தைப் பார்த்தால் ஆப்பின் நடு எங்கே என்று தெரிந்துவிடும்.

காந்தக் கோடு வழியாக ஓடும் மின்னோட்டத்தை முதலில் முன்வைத்தவர் கிறிஸ்டியான் பிர்க்லேண்ட். 1902–03 குளிர்காலத்தில் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவயா செம்லியா ஆகிய நான்கு இடங்களில் நிலையம் போட்டு அளந்தார். செயற்கைக்கோள்கள் மேலே போய் அளந்த பிறகே அவர் சொன்னது நிலைத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

பிஐ2 துடிப்பு என்றால் என்ன? அதை எப்படிப் பிரித்தெடுப்பது?

வெடிப்பு நேரத்தை நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டுமானால் இதுதான் வழி. துணைப்புயல் வெடிக்கும்போது காந்தப்புலத்தில் 40 முதல் 150 நொடி அலைவு நேரம் கொண்ட அலை ஒன்று எழுந்து, சில சுற்றுகளில் தேய்ந்துவிடும். பள்ளம் துருவ ஒளி வளையத்தோடு நின்றுவிடும். பிஐ2 தெற்கே வெகுதூரம் போகும்.

1 நொடி இடைவெளித் தரவு வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 1 நிமிடத் தரவில் 120 நொடிக்குக் குறைவான அலை எதுவும் சரியாகத் தெரியாது; பிஐ2-வின் பெரும்பகுதி தொலைந்துபோகும், மிச்சம் பொய்யான அலையாக மடிந்து வரும். தரவு கைக்கு வந்ததும் ஒற்றைப் புள்ளி முட்களை நீக்குங்கள். நீக்காமல் வடிகட்டினால் ஒவ்வொரு முள்ளும் பிஐ2 மாதிரியே மணியடித்துவிட்டுப் போகும். அடுத்து 6.7 முதல் 25 மில்லிஹெர்ட்ஸ் வரை விடும் பட்டை வடிகட்டியைப் போடுங்கள்.

வடிகட்டியை ஒரே திசையில் ஓட்டினால் அலை தாமதமாகத் தெரியும். இந்தத் தாமதம் (கட்டப் பிழை) வராமலிருக்க முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டினால், அலை உண்மையான தொடக்கத்துக்கு முன்பே கசிந்து தெரியும். பல பத்து நொடிகள் இதில் போய்விடும். எது முதலில் நடந்தது என்று வாதிடும் ஆய்வுகளில் இந்த நொடிகள்தான் சண்டைக்கே காரணம். எனவே வடிகட்டிய கோட்டை வைத்துத் தோராயமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். தொடக்க நேரத்தை வடிகட்டாத கோட்டில் கண்ணால் படியுங்கள். குறைந்தது இரண்டு நிலையங்களில் ஒன்றுபோல் வந்தால்தான் கணக்கில் எடுங்கள்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டு துணைப்புயலைப் பார்க்க முடியுமா?

ஒளியைப் பார்க்க முடியாது. காந்தத் துடிப்பைப் பார்க்கலாம். இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியிலும் மும்பை அருகே அலிபாகிலும் காந்த நிலையங்கள் வைத்திருக்கிறது. இரவு நேரப் பிஐ2 இந்த அகலாங்குகளிலும் பதிவாகும். அளவு ஒரு நானோடெஸ்லாவை ஒட்டியே இருக்கும் என்பதால் கருவி நுட்பமாக இருக்க வேண்டும். திருநெல்வேலி காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பகலில் தலைக்கு மேலே நடுக்கோட்டு மின்தாரை ஓடுகிறது. அதன் கடத்துதிறன் அதிகம். அதனால் அங்கே பகலிலும் பிஐ2 பெருகித் தெரிவதுண்டு. ஸ்காண்டிநேவியாவில் நள்ளிரவு வெடிப்பு நடக்கும்போது இங்கே விடியற்காலை மூன்று மணி. இரண்டு இடத்துத் தரவையும் ஒரே நேர அச்சில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஏஎல் குறியீட்டை மட்டும் பார்த்தால் போதாதா?

பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் அது எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். டேவிஸ், சுகியுரா இருவரும் 1966-இல் வகுத்தது. வட துருவத்தைச் சுற்றிய 12 நிலையங்களின் ஹெச் மாற்றங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, மேல் விளிம்பை ஏயூ என்றும் கீழ் விளிம்பை ஏஎல் என்றும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஏஈ. ஜப்பானின் கியோட்டோ தரவு மையம் வெளியிடுகிறது. வெடிப்பு இரண்டு நிலையங்களுக்கு நடுவே விழுந்தாலோ, அமைதியான நாளில் வளையம் சுருங்கி நிலையங்களுக்கு வடக்கே போய்விட்டாலோ, பெரும்புயலில் வளையம் வெகுவாகத் தெற்கே இறங்கிவிட்டாலோ ஏஎல் கோட்டைவிடும். நூற்றுக்கணக்கான நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிடும் சூப்பர்மேக் குறியீடுகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன.

துருவ ஒளியே ரேடியோ அலை வெளியிடுகிறதா?

ஆமாம், பெரிய அளவில். பூமி விண்வெளிக்கு வீசும் இயற்கை ரேடியோ அலைகளில் மிக வலுவானது துருவ ஒளிக் கிலோமீட்டர் அலை, சுருக்கமாக ஏகேஆர். சுமார் 30 முதல் 800 கிலோஹெர்ட்ஸ் வரை. வலு அதிகம் இருப்பது 100–400-இல். மொத்த ஆற்றல் 1 கோடி வாட் முதல் 100 கோடி வாட் வரை போகும். 1960-களில் சோவியத் செயற்கைக்கோள்களில் முதலில் தட்டுப்பட்டது. 1974-இல் டொனால்ட் கர்னெட் அதைத் துருவ ஒளியோடு இணைத்துக் காட்டினார்.

கீழே பாயும் எலெக்ட்ரான்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும் அதிர்வெண்ணிலேயே இந்த அலை பிறக்கிறது. ஒரு நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ் என்பது கணக்கு. மேலே போகப்போகக் காந்தப்புலம் குறைவதால், அதிர்வெண்ணைப் படித்தாலே உயரம் தெரிந்துவிடும். துருவத்தின் அருகே தரையில் சுமார் 60,000 நானோடெஸ்லா என்று வைத்து, தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைத்துப் பாருங்கள்: 400 கிலோஹெர்ட்ஸ் சுமார் 3900 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும், 250 கிலோஹெர்ட்ஸ் 5600-இல், 100 கிலோஹெர்ட்ஸ் 10,000 கிலோமீட்டரில்.

துணைப்புயலின் முத்திரை இதில் அழகாக விழும். வெடிப்புக்கு முன்பு நடு அதிர்வெண்களில் ஒரு பட்டை மெலிதாக ஓடிக்கொண்டிருக்கும். வெடிப்பு நிமிடத்தில் பட்டையின் கீழ் விளிம்பு சட்டென்று 100 கிலோஹெர்ட்ஸை நோக்கி இறங்கும். எலெக்ட்ரான்களை முடுக்கும் பகுதி மேல்நோக்கி வெடித்துப் பரவியது என்பதற்கு அதுவே சான்று.

அப்படியானால் நீளலை ரேடியோவில் ஏகேஆர் கேட்குமா?

கேட்காது. அயனமண்டலத்தின் பிளாஸ்மா அதிர்வெண் பல மெகாஹெர்ட்ஸ்; அதற்குக் கீழே உள்ள அலை மேலிருந்து இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்படும். விண்டு, ஜியோடெயில், கிளஸ்டர், அராசே போன்ற செயற்கைக்கோள்களின் அலைமாலைப் படங்கள் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வலுவானது என்று காட்டுபவை) இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, அவற்றைப் பாருங்கள். ஏகேஆர் எல்லாத் திசையிலும் போவதில்லை. செயற்கைக்கோள் பகல் பக்கத்திலோ நடுக்கோட்டுக்கு அருகே பூமியை ஒட்டியோ இருந்தால், வெடிப்பு நடந்தும் படத்தில் வெறுமையே இருக்கும். 'ஏகேஆர் இல்லை' என்று எழுதும் முன் செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் கேட்கக்கூடியவை எவை?

மூன்று வகை. முதலாவது துருவ ஒளிச் சீறல். சில கிலோஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் வரை பரவும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். நள்ளிரவுக்கு முந்தைய நேரத்தில் அதிகம். வெடிப்பின்போது ஒருமுறை பொங்கி, பிறகு அடியோடு மறைந்துவிடும். காரணம், கொட்டும் எலெக்ட்ரான்கள் கீழ் அயனமண்டலத்தை அடர்த்தியாக்கி, அதே அலையை விழுங்கிவிடுகின்றன. எனவே சீறல் நின்றுபோவதும் ஒரு தகவல்தான்.

இரண்டாவது, விடியல் பக்கத்தில் வரும் கோரஸ். பறவைக் கூட்டம் கீச்சிடுவது போன்ற, 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஏறுசுரங்கள். வெடிப்பில் உள்ளே தள்ளப்பட்ட எலெக்ட்ரான்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து விடியல் பக்கத்தை அடைந்த பிறகு இது எழும். அதனால் தாமதமாகவே வரும்.

மூன்றாவது மத்திய அலையிலும் அதற்குச் சற்று மேலும். வெடிப்பின்போது 1.3 முதல் 4.5 மெகாஹெர்ட்ஸ் வரை அகன்ற பட்டையில் சில நிமிடங்கள் மட்டும் ஓர் இரைச்சல் வெடிப்பு கேட்கும். இதோடு, 2.8, 4.2 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒடுங்கிய 'உறுமல்' ஒன்று தனியே வரும். ஏன் அந்த எண்கள்? அயனமண்டல உயரத்தில் புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா. 28-ஆல் பெருக்கினால் 1.4 மெகாஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கும் மும்மடங்கும் இவை. உறுமல் துணைப்புயல் இல்லாமலும் வரும், இரைச்சல் வெடிப்பு அப்படி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீறலுக்கும் கோரஸுக்கும் கருவி எளிது: பெரிய சுருள் ஆன்டெனா, முன்பெருக்கி, 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுக்கும் ஒலி அட்டை. கெடுப்பது மின்கம்பிதான். 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் பல கிலோஹெர்ட்ஸ் வரை சீப்புப் பல்லாக நிற்கும். கம்பியிலிருந்து சில நூறு மீட்டர் விலகுங்கள், மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள்.

ரியோமீட்டர் என்ன அளக்கிறது? பதிவை எப்படிப் படிப்பது?

வானத்திலிருந்து எப்போதும் வரும் அண்ட ரேடியோ இரைச்சலை 30 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஓர் அதிர்வெண்ணில் அளக்கும். 30 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்கள் 90 கிலோமீட்டர் உயரம் வரை துளைத்து இறங்கினால், அங்கே அந்த இரைச்சல் உறிஞ்சப்பட்டு அளவு குறையும். லிட்டில், லைன்பாக் இருவரும் 1950-களின் இறுதியில் அலாஸ்காவில் உருவாக்கிய கருவி. பின்லாந்தின் கில்பிஸ்யார்வியில் 38.2 மெகாஹெர்ட்ஸில் 49 கற்றைகளால் வானத்தைப் படமாகவே எடுக்கும் ரியோமீட்டர் 1994-இல் இயங்கத் தொடங்கியது.

படிக்கும் முன் அமைதி நாள் வளைகோடு வேண்டும். பால்வீதி தலைக்கு மேலே வரும்போது இரைச்சல் தானே கூடும். அது விண்மீன் நாள்படி, தினமும் 4 நிமிடம் முன்னதாக வரும். போன மாத வளைகோட்டை இந்த மாதம் அப்படியே வைத்தால் இரண்டு மணி நேரம் தள்ளி நிற்கும். இல்லாத உறிஞ்சலெல்லாம் தெரியும். குறைந்தது பத்துப் பதினைந்து நாள் தரவை விண்மீன் நேரத்தில் அடுக்கி, குறுக்கீடுகளைத் தள்ளிவிட்டு, மேல் விளிம்பை வளைகோடாக எடுங்கள். பிறகு வளைகோட்டு ஆற்றலை அளந்த ஆற்றலால் வகுத்து, மடக்கை எடுத்து 10-ஆல் பெருக்கினால் டெசிபல். 1 டெசிபல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 3 என்றால் பாதி.

அதிர்வெண் மாறினால் உறிஞ்சல் அதன் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 38.2-இல் 1 டெசிபல் என்பது 30-இல் சுமார் 1.6. வளர்ச்சிக் கட்டத்தில் மெல்லிய உறிஞ்சல் பட்டை தெற்கே ஊரும். வெடிப்பில் ஓரிரு நிமிட முள் ஒன்று வரும். பிறகு உறிஞ்சல் கிழக்கு நோக்கிப் பரவும். உறிஞ்சல் எதிர்க்குறியில் வந்தால் அது சூரிய ரேடியோ வெடிப்போ உள்ளூர்க் குறுக்கீடோ. மணிக்கணக்கில் மெல்லக் கூடி, மழை நின்ற பின்னும் குறையாத 'உறிஞ்சல்' இருந்தால் ஆன்டெனா இணைப்பானுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஹாம் ரேடியோவில் துருவ ஒளித் தொடர்பு எப்படி?

50, 144 மெகாஹெர்ட்ஸில் நன்றாக நடக்கும். சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் காந்தக் கோட்டோடு ஒட்டி நீண்டிருக்கும் பிளாஸ்மா ஒழுங்கின்மைகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அலை காந்தக் கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும் என்பது நிபந்தனை. துருவ ஒளி தலைக்கு மேலே இருப்பவருக்குப் பயன் இல்லாமல், தெற்கே இருப்பவர் வடக்கே திருப்பிப் பேசும்போது வேலை செய்வது இதனால்தான். எதிரே இருப்பவர் ஸ்டாக்ஹோமில் இருந்தாலும் எடின்பரோவில் இருந்தாலும் இருவரும் ஆன்டெனாவை வடக்கே திருப்ப வேண்டும். நேராக ஒருவரையொருவர் பார்த்தால் கிடைக்காது.

ஒலி கரகரவென்று கிழிந்து வரும். விநாடிக்கு 500 மீட்டர் நகரும் ஒழுங்கின்மை 144 மெகாஹெர்ட்ஸில் சுமார் 480 ஹெர்ட்ஸ் டாப்ளர் விலக்கம் தரும். பல வேகங்கள் கலப்பதால் சுரம் அகன்று இரைச்சலாகிவிடும். பேச்சு கிசுகிசுப்பாகவே கேட்கும். கணினி வழித் தொடர்பு முறையான எஃப்டி8 இங்கே தோற்றுவிடும்; அதன் சுரங்களுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ்தான். மோர்ஸ்தான் கைகொடுக்கும், அதுவும் மெதுவாக. சுரத் தரத்துக்குப் பதில் '55ஏ' என்று கடைசியில் 'ஏ' சேர்த்து அறிக்கை கொடுப்பது வழக்கம்.

வீட்டிலேயே காந்தமானி வைக்கலாமா?

வட ஸ்காண்டிநேவியாவிலோ அலாஸ்காவிலோ இருந்தால் தாராளமாக. அங்கே கிடைக்கோட்டுப் புலம் சுமார் 11,000 நானோடெஸ்லாதான், திருநெல்வேலியில் 40,000. கிடைப்புலம் பலவீனமாக இருப்பதால் ஊசி எளிதில் ஆடும். கண்ணாடி ஜாடிக்குள் நூலில் காந்தம், அதன்மேல் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி, அதில் லேசர் ஒளி. சுவர் 2 மீட்டர் தள்ளி. கிழக்கு-மேற்காக 100 நானோடெஸ்லா மாறினால் ஊசி அரை டிகிரி திரும்பும், ஒளிப்புள்ளி சுவரில் மூன்றரை சென்டிமீட்டர் நகரும். 1741-இல் உப்சாலாவில் செல்சியஸும் ஹியோர்ட்டரும் துருவ ஒளியோடு காந்த ஊசி ஆடுவதைக் கண்டது இதைவிடப் பெரிய கருவியால் அல்ல.

மின்னணுக் கருவி வேண்டுமானால் ஆர்எம்3100 உணரி மலிவானது. 200 சுழற்சி அமைப்பில் அது காட்டும் மிகச் சிறிய படி சுமார் 13 நானோடெஸ்லா. நொடிக்குப் பல அளவீடுகளைச் சராசரி எடுத்தால் இன்னும் கீழே போகலாம். பள்ளங்களுக்கு இது தாராளம். தெற்கே பிஐ2 பார்க்கப் போதாது.

உணரியைப் பிவிசி குழாயில் அடைத்து, முக்கால் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். புதைக்காவிட்டால் நீங்கள் பதிவது காந்தப்புலம் அல்ல, வெயில். பக்கத்திலேயே வெப்பநிலை உணரி ஒன்றும் இருக்கட்டும். திருகுகள் பித்தளையோ நைலானோ. ஒரே ஒரு இரும்புத் திருகு போதும், வேலை கெட. குழாயை மூடும் முன் உணரியை மெல்லத் திருப்பி, கிழக்கு-மேற்கு அச்சில் அளவு பூஜ்யமாகும் இடத்தில் நிறுத்துங்கள். மற்ற கிடை அச்சு தானாகவே ஹெச் ஆகிவிடும். உணரியைக் கணினியோடு இணைக்கும் ஐ2சி கம்பி நீண்டால் தரவு சிதறும், இடையிடையே பைத்தியக்கார எண்கள் வரும். கடிகார வேகத்தைக் குறையுங்கள், நீட்டிப்புச் சில்லு போடுங்கள்.

கார் பெரிய எதிரி. 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரே சில பத்து நானோடெஸ்லா தரும். ஆனால் விளைவு தூரத்தின் முப்படியில் குறைவதால், 20 மீட்டருக்குத் தள்ளினால் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

துணைப்புயல் போலவே ஏமாற்றுபவை எவை?

திடீர்ப் புயல் தொடக்கம்: சூரியக்காற்றின் அதிர்ச்சி அலை மோதும்போது அலிபாகிலும் டிரோம்சோவிலும் ஒரே நேரத்தில் படி ஏறியது போலத் தெரியும். துணைப்புயல் உலகம் முழுக்க ஒரே மாதிரித் தெரியாது. சூரியப் பிழம்பின் விளைவு பகல் பக்கத்தில் மட்டும் வரும். போலி வெடிப்பு இன்னொன்று: ஒளிவில் பளிச்சிடும், சின்ன பிஐ2 கூட வரும், ஆனால் வடக்கே விரியாமல் சில நிமிடத்தில் அணைந்துவிடும், பள்ளம் ஆழப்படாது. உள்ளூரில் நேர்மின்னோட்ட ரயிலும் டிராமும் செவ்வகப் படிகளைப் பதிக்கும்; அட்டவணையோடு ஒப்பிட்டாலே வெளுத்துவிடும்.

வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று முடிவாகிவிட்டதா?

2007-இல் நாசா அனுப்பிய தெமிஸ் திட்டத்தின் ஐந்து செயற்கைக்கோள்கள் இதற்காகவே வரிசையாக நிறுத்தப்பட்டன. 2008 பிப்ரவரி 26 நிகழ்வில், வாலில் சுமார் 20 பூமி ஆரத் தொலைவில் காந்தக் கோடுகள் மறு இணைவு கொண்டது முதலில். ஒன்றரை நிமிடம் கழித்துத் துருவ ஒளி பளிச்சிட்டது. பூமிக்கு அருகே மின்னோட்டம் குலைந்தது அதற்கும் பிறகு. அந்த நிகழ்வுக்கு வரிசை தெளிவு. எல்லாத் துணைப்புயலும் அதே வரிசையில் போகிறதா என்பதில் வாதம் ஓயவில்லை. வடிகட்டி தின்னும் நொடிகளைப் பற்றி மேலே சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்தும்.

மின்கட்டமைப்புக்கு இதனால் ஆபத்தா?

ஆழத்தைவிட மாறும் வேகமே ஆபத்து. புலம் வேகமாக மாறினால் நீண்ட மின்கம்பிகளில் நேர்மின்னோட்டம் போன்ற ஒன்று தூண்டப்பட்டு, மின்மாற்றியின் உள்ளகம் நிறைவுற்றுவிடும். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு சுமார் 90 நொடியில் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. 2003 அக்டோபர் 30-இல் ஸ்வீடனின் மால்மோவில் மின்தடை. இரண்டும் பெரும்புயல் நாட்கள். அடிக்கும் அடியோ புயலுக்குள் வரும் மின்தாரைப் பாய்ச்சல்களிலிருந்துதான்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா?

மணி நேரக் கணக்கில் முடியும், நிமிடக் கணக்கில் முடியாது. பூமிக்கு முன்னே 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள்கள் சூரியக்காற்றை அளக்கின்றன. விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகமென்றால் ஒரு மணிக்குச் சற்று மேல், 700 என்றால் 36 நிமிடம் முன்னறிவிப்பு. சூரியக்காற்றுக் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு (தெற்கு என்றால் எதிர்க்குறி) -5 நானோடெஸ்லாவுக்குக் கீழே அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் தயாராக இருங்கள். பிறகு வளர்ச்சிக் கட்டத்தின் நிதானச் சரிவைக் காந்தமானியில் தேடுங்கள்; வானத்தில் ஒளிவில் தெற்கே ஊர்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்குவது?

டிரோம்சோவிலோ நார்வேயின் வடகோடி ஃபின்மார்க்கிலோ இருந்தால் காந்தமானி. தெற்கு நார்வே, ஸ்காட்லாந்து, ஜெர்மனி என்றால் 144 மெகாஹெர்ட்ஸ் யாகி ஆன்டெனாவும் ஒரு மலிவான எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும்) பெறுகருவியும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். ஸ்காண்டிநேவியாவின் 'இமேஜ்' காந்தமானி வலைத் தரவு இலவசம். அதில் ஒரு குளிர்கால இரவை எடுத்து, வடக்கிலிருந்து தெற்காக நிலையங்களை அடுக்கி வரைந்து, எந்த நிலையத்தில் இசட் எப்போது குறி மாறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு மாலை போதும்.